ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள்

குடிநீர் வாரியத்து ஆட்கள் எப்போது வருவார்கள் என்று ஆறு வருஷம் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தவள், அவர்கள் நிஜமாகவே வந்து நின்ற காலையில் கடைக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தாள். நடைபாதையில் இருந்த இரும்பு மூடியின் மேல் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு யாரும் இதைத் திறக்கக் கூடாது" என்றாள். ரொட்டிக்காரம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று தெரு முடிவு கட்டியது. தெருவுக்கென்ன, முடிவு கட்ட அரை நிமிஷம் போதும். அவள் அங்கே வந்து உட்கார ஆறு வருஷம் ஆயிற்று.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. கீழே கடை, கடைக்குப் பின்னால் அடுப்பு, மேலே இரண்டு அறை, இவ்வளவுதான் வீடு. இருபத்து மூன்று வருஷமாக விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறாள். முழங்கைக்குக் கீழே தகரத் தட்டு சுட்ட வடுக்கள் வரிசையாக இருக்கும். வாய் கொஞ்சம் நீளம். "இது நேத்து ரொட்டியா?" என்று யாராவது கேட்டால், "நாளைக்கு ரொட்டி நாளைக்குத்தான் வரும்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள். கேட்டவர் மறுநாளும் வருவார், ரொட்டி அப்படி.

அவள் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். பதிவு அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். இதயம் பலவீனம், மாடிப்படி நாலு ஏறினால் ஐந்தாவதில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். உலகத்தில் எந்தக் காரியமும் முறையாக எழுதிக் கொடுத்தால் நடந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு அவருக்கு எழுதத்தான் நேரம். தெருவில் அவருக்குக் கடுதாசி என்றே பெயர் விழுந்துவிட்டது.

முதலில் அடுப்புக்கு முன்னால் தரை ஈரமானது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தார்கள். ஒரு வாரம் கழித்து தரைக்கு அடியில் சலசலவென்று சத்தம் கேட்டது. நடைபாதைக்குக் கீழே போகிற வாரியத்தின் குழாய், ஒரு மூட்டில் விட்டுப்போய் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் வீட்டுக்கு அடியில் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு போனது. பக்கச் சுவரில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல் விட்டது. பிறகு அதில் நகம் நுழைந்தது, பிறகு விரல் நுழைந்தது. அடுப்பின் வளைவு பிளந்ததும் இடது பக்கத்து ரொட்டி கருகியது, வலது பக்கத்து ரொட்டி வேகவில்லை. பாதி வேக்காட்டில் தட்டுகளைத் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டாள். தரை சாய்ந்ததால் மாவு ஒரு பக்கமாக உப்பியது. அதற்கும் மேஜைக் காலில் ஆப்பு வைத்துச் சமாளித்தாள். "ரொட்டி தூங்கி விழுதே" என்று வாடிக்கைக்காரர் ஒருவர் கேலி செய்தபோது அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் மாவைப் போட்டு அடித்தாள்.

கடுதாசி எழுத ஆரம்பித்தார். திங்கட்கிழமைதோறும் வாரியத்துக்கு ஒரு கடிதம், வரிசை எண் போட்டு, நகல் எடுத்து, பதிவுத் தபாலில். முதல் வருஷம் ஒரு பதில் வந்தது: "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது." அதன்பிறகு மூச்சு இல்லை. இவள் நேரில் போனாள். குழாய் எங்களுடையதுதான், ஆனால் தரைக்குக் கீழே இருப்பது வேறு பிரிவு என்றார்கள். வேறு பிரிவுக்குப் போனால், நடைபாதையைத் தோண்ட உத்தரவு முதல் பிரிவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஜன்னல் ஜன்னலாக அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

சொந்தச் செலவில் ஒரு கட்டட நிபுணரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். "குழாயை அடைச்சா மட்டும் இனிமே பத்தாதும்மா. அடியில மண்ணே இல்ல. அஸ்திவாரத்துக்குக் கீழே கான்கிரீட் இறக்கணும். அது உங்களால ஆகற வேலை இல்ல, வாரியம்தான் பண்ணிக் கொடுக்கணும். இல்லேன்னா நாலஞ்சு மழைக்காலத்துக்கு மேல இந்த வீடு தாங்காது."

தினமும் காலையில் ரொட்டி வாங்கும் இளம் வக்கீலம்மா ஒருத்தி இருந்தாள். அவள் வழக்குப் போட்டாள். பதினோரு நிமிஷத்தில் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். குழாயை வாரியம் கவனிக்காமல் விட்டது வருந்தத்தக்கது என்று ஒரு வரி எழுதியிருந்தார். ஆறுதலுக்கு அந்த ஒரு வரிதான்.

நீதிமன்றத்து வராந்தாவில் நின்று ரொட்டிக்காரம்மா கேட்டாள். "தப்பு அவங்க மேலன்னு அவரே சொல்றாரு. அப்புறம் ஏன் தள்ளிட்டாரு?"

"தப்பு யாரு மேலங்கறது ரெண்டாவது கேள்விம்மா. இவங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமாங்கறதுதான் முதல் கேள்வி. முடியாதுங்கறாங்க. அரசாங்கம், அரசாங்கத்தோட வாரியம், இவங்க மேல இவங்க சம்மதம் இல்லாம வழக்குப் போட முடியாது. ராஜா காலத்துல இருந்து வர்றது. ராஜாவோட கோர்ட்டுலயே ராஜாவை எப்படி நிக்க வைக்கறது?"

"ராஜாதான் போய்ச் சேர்ந்துட்டாரே."

"போனாரு. கிரீடத்தைக் கழட்டி வாரியத்து தலையில வச்சுட்டுப் போயிட்டாரு."

"அதை யாரு கழட்டறது?"

"சட்டமன்றம் மட்டும்தான். இந்த வாரியத்து மேல வழக்குப் போடலாம்னு சட்டத்துல பச்சையா எழுதணும். நீதிபதி நினைச்சாக்கூடக் கழட்ட முடியாது."

சட்டமன்றம் எங்கே இருக்கிறது என்றுகூட அதுவரை அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் வழி. தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பை ரொட்டியோடு போனாள். முதல் வருஷம் அவர் ஊரில் இல்லை. ஊரில் இருந்த நாட்களில் கூட்டத்தில் இருந்தார். கடைசியில் ரொட்டிக்குப் பழகிப்போய் அவரே வெளியே வந்தார். கூடத்தில் அவளைப் போலவே பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். நகராட்சி லாரி மோதிக் கை போனவர், அரசுப் பண்டகசாலையின் சுவர் விழுந்து தம்பியை இழந்தவர், எல்லோரும் இதே பூட்டில் வந்து முட்டி நின்றவர்கள்.

அவர்களுக்காக அவர் கொண்டுவந்த மசோதா குழுவுக்குப் போக மூன்று வருஷம் ஆயிற்று. குழுவின் முன் அவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். நிதித் துறை அதிகாரி, "இன்று ஒரு வீட்டுக்குக் கதவைத் திறந்தால், நாளை எல்லா வீடும் வரிசையில் வந்து நிற்கும்" என்றார்.

"அப்போ எல்லா வீட்டையும் கெடுத்து வச்சிருக்கீங்களா?" என்றாள் இவள். குழுவில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மசோதா ஒருவழியாக நிறைவேறியது. தெருவில் நாலு பேர் கை கொடுத்தார்கள். அன்று மாலையே வக்கீலம்மா கடைக்கு வந்தாள், முகத்தில் களை இல்லை. கடுதாசி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"வர்ற ஒண்ணாம் தேதியில இருந்துதான்மா சட்டம். அதுக்கு முன்னாடி நடந்த எதுக்கும் பொருந்தாதுன்னு கடைசி நேரத்துல சேர்த்துட்டாங்க. இல்லேன்னா நிதித் துறை விட்டிருக்காது."

"ஆறு வருஷத்துத் தண்ணி?"

"போச்சு. ஆனா ஒரு வழி இருக்கு. தினம் தினம் ஒழுகறது தினம் தினம் ஒரு புதுத் தப்பு. ஒண்ணாம் தேதி அந்தக் குழாய் ஒழுகிக்கிட்டே இருந்தா, அன்னைக்கு நடக்கற தப்புக்கு நாம வழக்குப் போடலாம். அஸ்திவாரத்தைச் சரிபண்ணிக் கொடுன்னு கேட்கலாம். ஒண்ணாம் தேதி ஞாயித்துக்கிழமை. திங்கட்கிழமை காலையில மனுவோட முதல் ஆளா நிப்பேன். அதுவரைக்கும் குழாய் ஒழுகணும், வீடு நிக்கணும். நீங்க இருக்கறதே வாரியத்துக்கு ஞாபகம் வரக் கூடாது."

இப்படியும் ஒரு கூத்து நடக்குமா. ஒழுகாதே ஒழுகாதே என்று ஆறு வருஷம் சபித்த தண்ணீரை, இன்னும் இருபது நாள் ஒழுகு என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. பக்கச் சுவருக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தாள். அதிர்வு கூடாதென்று மாவு பிசையும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையாலேயே பிசைந்தாள். தோள் இற்றுப்போனது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தரையில் காது வைத்துக் கேட்பாள். சத்தம் கேட்டால்தான் அடுப்பு மூட்டப் போவாள். இந்த வீடு போனால் அந்த மனுஷரை எந்த மாடிப்படியில் ஏற்றிவைப்பது என்று இரவெல்லாம் யோசிப்பாள்.

வக்கீலம்மா சொன்ன வழியை அவள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். தபால்காரர் கேட்டால்கூட உள்ளதைச் சொல்லிவிடுவார். திங்கட்கிழமைக் கடிதத்தை வாரியத்தில் யாரும் படிப்பதில்லை, அது பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டாள். ஒன்றாம் தேதி வரை அவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தாள். நினைத்தது தப்பு என்று இப்போது சொல்வது சுலபம்.

இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. கடுதாசி மாதாந்தரப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஒன்பது மணிக்கு வாரியத்தின் வண்டி வந்து நின்றது. ஒரு மேஸ்திரி, மூன்று ஆட்கள். மேஸ்திரி தலை நரைத்த, களைத்த மனிதர். "இங்கதானேம்மா ஒழுகுது?" என்று வேலை உத்தரவை நீட்டினார். அதோடு ஒரு கடிதம் குத்தப்பட்டிருந்தது. அச்சுக் கோத்தாற்போன்ற கையெழுத்து. மேலே வரிசை எண் முந்நூற்று ஒன்பது, தேதி போன திங்கட்கிழமை.

"வரும் ஒன்றாம் தேதி முதல் தங்கள் மீது வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருவதாகப் பத்திரிகையில் கண்டோம். முன்கூட்டித் தெரிவிக்காமல் அவ்வாறு செய்வது மரியாதை ஆகாது என்று கருதி, கசிவு இன்னும் நீடிப்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்." அதன் ஓரத்தில் சிவப்பு மையில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: "ஒன்றாம் தேதிக்கு முன் முடிக்கவும்."

முந்நூற்று எட்டுக் கடிதத்துக்குத் திரும்பிப் பார்க்காதவர்கள், முந்நூற்று ஒன்பதாவதுக்கு நாலே நாளில் வந்துவிட்டார்கள். அதைப் படித்ததும்தான் அவள் நாற்காலியைத் தூக்கிவந்து மூடியின் மேல் போட்டாள்.

"அம்மா, அடைச்சுத் தரணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"எழுதினோம். இப்ப வேண்டாங்கறேன்."

"எத்தனை நாளைக்கு வேண்டாம்?"

"இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்."

சனியும் ஞாயிறும் வாரியத்துக்கு விடுமுறை. ஐந்து மணி வரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காவிட்டால் ஒன்றாம் தேதி தானாக வந்துவிடும். மேஸ்திரி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்று அவர் மிரட்டவில்லை. "எனக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் வேலைம்மா. அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன், நீங்க எந்திரிச்சா பார்க்கறேன்" என்று வண்டியின் படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டார். அவளுக்கு அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. வெயில் ஏறியது. கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் எட்டிப்பார்த்துவிட்டுத் தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து மணி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக அவளுக்குப் பட்டது. ஆறு வருஷத்தில் முதல்முறையாக, ஜெயித்துவிடுவோம் என்று தோன்றியது.

பதினொன்றே கால் மணிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஒற்றை அறை இவள் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். புதன்கிழமைல இருந்து எங்க பக்கமும் சுவர் விட்டுப்போச்சு. நேத்து அளந்தேன், இன்னைக்குக் காலையிலயும் அளந்தேன். ஒரே நாள்ல அரை இஞ்ச் கூடியிருக்கு."

அவள் திரும்பித் தன் வீட்டுச் சுவரின் முட்டுக்கட்டைகளைப் பார்த்தாள்.

"பாப்பா அந்தச் சுவரை ஒட்டித்தான் தூங்குது."

"இந்தப் பக்கம் மாத்திப் படுக்க வையேன்பா. ரெண்டு நாள்தான்."

"ஒரே ரூம்தானேக்கா. ஒரு பக்கம் மிஷின், ஒரு பக்கம் அடுப்பு. எங்க மாத்தறது?" தையல்காரர் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டார். "எந்திரிங்கன்னு சொல்ல வரலை. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். தெரியப்படுத்தணும்னு தோணுச்சு, அதான் வந்தேன்."

அவர் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். சண்டை போட்டிருந்தால் ஐந்து மணி வரை சண்டை போட்டிருப்பாள். அவர் தெரியப்படுத்திவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷம் அவள் வீட்டுக்காரர் வாரியத்துக்குச் செய்ததும் அதுதான். குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்தும் நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களை அவள் என்னென்ன வார்த்தையால் வைதிருக்கிறாள். இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது, அவளும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மனசு அடித்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பசிக்குத்தான் அழுதிருக்கும், ஆனால் அவளால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

எழுந்து நாற்காலியைத் தானே தூக்கிக் கடைக்குள் போட்டாள்.

"பாருங்க" என்றாள் மேஸ்திரியிடம்.

மூடியைத் திறந்தார்கள், பக்கத்து மண்ணைத் தோண்டினார்கள், குழாய் மூட்டைக் கழற்றினார்கள், மாற்றினார்கள், மண்ணைத் தள்ளினார்கள். வேலை ஆரம்பித்து முடிய இரண்டு மணி நாற்பது நிமிஷம். அவள் வாசல்படியிலேயே நின்று பார்த்தாள். உள்ளே போய்த் தரையில் காது வைத்தாள். சத்தம் நின்றிருந்தது. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். "இனிமே அவங்க மேல கை வைக்க முடியாதும்மா. எல்லாம் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி முடிஞ்சுபோச்சு" என்றாள் அந்தப் பெண். ரொட்டிக்காரம்மா போனை வைத்துவிட்டு அழுதாள். மாவு அறையில் யாரும் இல்லை, வாய்விட்டே அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னதான் கெட்டுப்போயிருந்துச்சு?"

அவர் பக்கத்தில் கிடந்த ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஒரு பக்கம் வெடித்திருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. ஸ்டோர்ல மூட்டை மூட்டையா இருக்கு. எங்களுக்கு உத்தரவு வந்தாத்தானே வர முடியும்?"

அவள் அதை முந்தானையில் முடிந்துகொள்ளப் போனாள். மேஸ்திரி சங்கடத்தோடு கையை நீட்டினார். "அதைக் கொடுத்துடுங்கம்மா. பழசைத் திருப்பிக் கொடுத்தாத்தான் புதுசு வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடுவாங்க. இல்லேன்னா என் தலையில விழும்." அவள் கொடுத்துவிட்டாள். வண்டி போயிற்று.

மூன்று மணிக்குக் கடுதாசி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். நடைபாதையில் புதிதாக மூடிய மண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உள்ளே வந்து தரையில் குனிய முடியாமல் குனிந்து கேட்டார்.

"நின்னுடுச்சு" என்றார். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன். சரியான மேஜைக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான். முந்நூத்தி ஒன்பதாவது போய்ச் சேர்ந்துடுச்சு."

"ஆமாங்க."

"நன்றி சொல்லி ஒரு லெட்டர் போட்டுடணும்." மேஜையில் உட்கார்ந்தார், தாளை நேராக வைத்தார், பேனாவைத் திறந்தார். வரிசை எண் முந்நூற்றுப் பத்து என்று எழுதினார். தேதி இருபத்தொன்பது என்று எழுதினார். எழுதிய கை அங்கேயே நின்றது. அவர் தேதிகளோடு முப்பத்தைந்து வருஷம் வேலை செய்தவர். தன் கையால் எழுதிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு இல்ல?"

"இருக்கு."

"அவங்க இன்னைக்கே வந்ததுக்கு..." அவருக்கு மூச்சு வாங்கியது. "என் லெட்டரா?"

அவள் போய் அவருக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்தாள். கை முழுக்க மாவு.

"உங்க லெட்டர் இல்லீங்க. இது அவங்க வழக்கமா வந்து பார்த்துட்டுப் போறதுதான்."

ஆறு வருஷத்தில் வழக்கமாக ஒருத்தரும் வந்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டினார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்படித்தான் இருக்கும்" என்றார்.